கிரீன் கார்டு ஃபைல் உங்கள் கையில் இருக்கட்டும்

கல்யாணம் முடிந்து கணவர் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார், நீங்கள் அம்மா வீட்டில் காத்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காகத்தான். மனைவி அங்கே, கணவர் இங்கே என்று இருக்கும் வீடுகளுக்கும் இது அப்படியே பொருந்தும். நான் இந்தப் பாதையை முழுசாக நடந்து முடித்துவிட்டேன், பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்துவிட்டது. சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: "விசா வேலையெல்லாம் மாப்பிள்ளை பார்த்துப்பார்" என்று வீட்டில் யார் சொன்னாலும் ஃபைலை அவரிடம் விட்டுவிடாதீர்கள்.

அவர்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. மனு போடுபவர் அவர்தான், பணம் கட்டுபவரும் பெரும்பாலும் அவர்தான். ஆனால் கேட்கிற தாள்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில்தான் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர், போலீஸ் கிளியரன்ஸ் எதையும் டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு வாங்க முடியாது. கடைசியில் விசா நேர்காணலுக்கு மும்பையில் கவுன்டருக்கு முன்னால் நிற்கப்போவதும் நீங்கள்தான்.

முதலில் உங்கள் கேஸ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சொந்தக்காரர்களுக்கு இது புரியவே புரியாது. "எதிர்வீட்டுப் பையன் ஹெச்-1பிதான், அவன் பொண்டாட்டி மூணே மாசத்துல போயிட்டா, உங்க வீட்டுக்காரர் கிரீன் கார்டே வெச்சிருக்கார், உனக்கு ஏன் இவ்வளவு நாள்?" என்று கல்யாண வீடுகளில் என்னைக் கேட்காத அத்தை இல்லை. விஷயம் இதுதான். ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கு ஹெச்-4 என்று சார்பு விசா இருக்கிறது, அது தற்காலிக விசா. கிரீன் கார்டு வைத்திருப்பவர் திருமணம் செய்துகொண்டால் மனைவிக்கு அப்படி ஒரு சார்பு விசா கிடையாது, குடியேற்ற விசாவுக்குத்தான் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசைக்குப் பெயர் எஃப்2ஏ. ஆண்டுக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை வரம்பு உண்டு, மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டின் பார்த்துத்தான் நம் தேதி எங்கே இருக்கிறது என்று தெரியும். கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் இந்த வரம்பே இல்லை. தாள்கள் நகரும் வேகம்தான் காத்திருப்பு.

எங்களுக்கு 2023 பிப்ரவரியில் கல்யாணம். அப்போது அவரிடம் கிரீன் கார்டு, 2019-ல் வந்தது. 2019 நடுவிலிருந்து எஃப்2ஏ வரிசை திறந்தே கிடந்ததால், மனு தேறிவிட்டால் சீக்கிரம் போய்விடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மார்ச்சில் ஐ-130, அதாவது மனைவிக்காக அவர் போடும் மனுவை, போட்டோம், ஏப்ரல் புல்லட்டினில் வரிசை பின்னால் போய்விட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் மறுநாளே இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கிரீன் கார்டு வந்து ஐந்து ஆண்டு முடிந்தால் அவர் குடியுரிமைக்குத் தகுதி பெறுவார், விண்ணப்பத்தை அதற்கு 90 நாள் முன்பே போடலாம். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அந்த ஐந்தாண்டுத் தொடர்ச்சிக்கே சிக்கல் வரும், அதனால் "கொஞ்ச நாள் இங்கேயே இருங்களேன்" என்று கேட்க ஆசை இருந்தும் நான் கேட்கவில்லை. 2024-ல் அவர் குடியுரிமை பெற்றதும் சான்றிதழ் நகலை அனுப்பி, கேஸை எஃப்2ஏ-யிலிருந்து குடிமகனின் மனைவி என்ற வகைக்கு மாற்றச் சொன்னோம். அதே மனு, அதே பழைய தேதி, புதிதாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இதில் குழந்தை இருக்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எஃப்2ஏ வகையில் குழந்தை அம்மாவின் மனுவுக்குள்ளேயே சேர்ந்து வந்துவிடும். குடிமகனின் மனைவி என்று மாறிய அந்த நிமிடமே அது கிடையாது, குழந்தைக்குத் தனியாக ஒரு ஐ-130 போட வேண்டும். இது தெரியாமல் மாற்றிவிட்டு, அம்மாவுக்கு நேர்காணல் வந்தும் பிள்ளைக்கு வராமல் நிற்கும் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். முதல் திருமணத்துக் குழந்தையை அழைத்துப்போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். புதிய கணவர் மனு போட வேண்டுமானால், உங்கள் கல்யாண நாளில் பிள்ளைக்கு 18 வயது முடிந்திருக்கக் கூடாது.

சரி, தாள்களுக்கு வருவோம்.

திருமணப் பதிவு. மண்டபத்தில் ஆயிரம் பேர் முன்னால் தாலி கட்டியிருந்தாலும் அமெரிக்கக்காரனுக்கு வேண்டியது சார்பதிவாளர் கொடுக்கும் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவது கட்டாயம், 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். பதிவுக்கு இரண்டு பேரும் நேரில் நிற்க வேண்டும், சாட்சிகளும் வேண்டும். மாப்பிள்ளை மூன்று வார லீவில் வந்திருப்பார், அதில் பாதி விருந்துக்கும் மறுவீட்டுக்கும் போய்விடும். அதனால் முகூர்த்தம் குறித்த அன்றைக்கே பதிவு நாளையும் குறித்துவிடுங்கள். பத்திரிகை, மண்டப ரசீது, இருவரின் வயது, முகவரிச் சான்று, போட்டோ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு யாராவது ஒருவர் பொறுப்பில் வையுங்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா பொறுப்பு. ஐயர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கும் கவலை வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் செய்த திருத்தமே அதைச் செல்லும் திருமணம் என்று சொல்கிறது, அதே போலப் பதிந்து அதே சான்றிதழ் வாங்கலாம்.

அடுத்தது பெயர். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். கவிதா என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள், அப்பா பெயர் சுந்தரம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் எஸ். கவிதா. பான் கார்டில் கவிதா சுந்தரம். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு வெறும் கவிதா. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் முகவரி மாற்றப் போன இடத்தில் கணவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள், அங்கே வேறு மாதிரி. நமக்கு இதெல்லாம் ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும். அங்கே தாளைப் பார்க்கிறவருக்கு இவர்கள் நான்கு பேர். அதோடு பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலி என்றால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகிவிடும், அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று. அப்புறம் கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நீங்கள் எஃப்என்யூ கவிதாதான். அதைச் சரிசெய்ய அங்கே அலைந்துகொண்டிருக்கும் தோழிகளைப் பார்த்தபிறகு, ஐ-130 போடுவதற்கு முன்பே நான் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு வாங்கினேன். கணவர் பெயரைப் போடலாமே என்று மாமியார் வீட்டில் கேட்டார்கள். என் படிப்பு, வேலை, பான் எல்லாம் அப்பா பெயரோடு இருக்கிறது, அதனால் அப்பா பெயர்தான் தாள்களோடு ஒத்துப்போகும் என்று சொன்னேன், அத்தை புரிந்துகொண்டார். கணவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தில் எங்கும் இல்லை.

ஒத்துப்போகாத மற்ற தாள்களுக்கு, இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஒன்று தயார் செய்யுங்கள். டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவத்தில் இதற்கு முன் பயன்படுத்திய பெயர்கள் என்று கேட்கும் இடத்தில் எல்லா வடிவத்தையும், இனிஷியலோடு இருப்பதையும் சேர்த்து, எழுதுங்கள். எதையும் விடாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழ் தனிக் கதை. சென்னையில் பிறந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள், மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நம்மில் பல பேர் தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்ற வழக்கத்தில் பிறந்தவர்கள். வளர்ந்தது பெரம்பூராக இருக்கும், பதிவு மட்டும் தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஒரு பேரூராட்சியில் கிடக்கும். என்னுடையது அப்படித்தான். பதிவு இருந்தது, அப்பா அம்மா பெயர் இருந்தது, என் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு. பிறந்த உடனே பதிந்துவிட்டு, பெயர் வைத்தபிறகு யாரும் திரும்பிப் போய்ச் சேர்க்கவில்லை, அந்தக் காலத்தில் சேர்க்கிற பழக்கமும் இல்லை. பள்ளிச் சான்றிதழ்களைக் கொண்டுபோய்ப் பெயர் சேர்க்க மனுக் கொடுத்து வாங்கினோம். பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்ப நிறையவே வாய்ப்பு உண்டு. பதிவே இல்லை என்று சொல்லிவிட்டால், பதிவு இல்லை என்பதற்கான சான்றை அதே அலுவலகத்தில் எழுதி வாங்கி, அதோடு உங்கள் பிறப்பைப் பற்றி நேரடியாகத் தெரிந்த நெருங்கிய உறவினர்களின் பிரமாணப் பத்திரமும், பள்ளிச் சான்றும் சேர்க்க வேண்டும். தாத்தா பாட்டி காலத்து ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் எழுதி வாங்கிவிடுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் எந்தத் தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

திருமணம் உண்மையானதா என்ற கேள்விக்கு வருகிறேன். பொய்க் கல்யாணம் என்று நிரூபணமானால் அங்கே ஐந்து ஆண்டு வரை சிறையும் இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. அதனால் அவர்கள் துருவிக் கேட்பது நியாயம்தான். ஆனால் பெரியவர்கள் பார்த்துவைத்த கல்யாணத்துக்கு வருடக்கணக்கான காதல் போட்டோவெல்லாம் எங்கே இருக்கும்? பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிச்சயதார்த்தம், ஆறேழு மாதத்தில் கல்யாணம், அவ்வளவுதான். அதற்காக எதையும் செயற்கையாக உருவாக்க வேண்டாம். நடந்ததை நடந்த மாதிரியே எழுதுங்கள். யார் மூலமாகச் சம்பந்தம் வந்தது, முதலில் எப்போது பேசினோம், நிச்சயம் எங்கே, கல்யாணம் எங்கே என்று ஒரு கடிதம். அதோடு பத்திரிகை, இரு வீட்டுப் பெரியவர்களும் இருக்கும் போட்டோ, அவர் வந்து போன டிக்கெட், அவர் அனுப்பிய பணம், நாமினியாக என் பெயர் போட்ட காப்பீடு, மாதாமாதம் பேசிய அழைப்புப் பட்டியல். கல்யாணத்துக்குப் பிறகான ஆதாரம்தான் முக்கியம், அதனால் ஒவ்வொரு மாதமும் ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டே வாருங்கள். மொத்தமாக நேர்காணலுக்கு முன்னால் தேடினால் கிடைக்காது.

மனு தேறியதும் கேஸ் என்விசி என்று எல்லாரும் சொல்கிற தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விசாக் கட்டணம் 325 டாலர், ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர். ஐ-130 கட்டணம் எங்களுக்கு 535 டாலராக இருந்தது, 2024 ஏப்ரல் முதல் ஆன்லைனில் 625, தாளில் 675 ஆகிவிட்டது. கேஸ் நம்பரையும் இன்வாய்ஸ் நம்பரையும் கணவரிடம் கேட்டு வாங்கி, நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். எல்லாத் தாளும் ஏற்கப்பட்டால் வரும் நிலைக்கு நம் ஆட்கள் டிக்யூ என்பார்கள், அதற்குப் பிறகுதான் நேர்காணல் வரிசை.

ஆதரவுப் பத்திரம் என்று சொன்னேனே, ஐ-864, அதைத் தயவுசெய்து வரிவரியாகப் படியுங்கள். கணவரின் வருமானம் அவர்கள் நிர்ணயிக்கும் வறுமைக்கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும், 2025 கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர். போதாவிட்டால் இன்னொருவர் கூட்டாகக் கையெழுத்துப் போடலாம். பெண் வீட்டில் இதை வெறும் வருமானச் சான்று மாதிரி நினைக்கிறார்கள். அது சட்டப்படியான ஒப்பந்தம். மனைவியை அந்த அளவுக்குக் கீழே விடமாட்டேன் என்று அவர் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறார், அதை நிறைவேற்றக் கேட்டு மனைவியே நீதிமன்றம் போகலாம், விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு முடியாது. அவள் குடியுரிமை பெறும்வரை, அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் சுமார் பத்தாண்டு உழைப்பு சேரும்வரை, அல்லது நாட்டை விட்டே போகும்வரை நீடிக்கும். கையெழுத்தான நகல் உங்களிடமும், சென்னையில் உங்கள் அப்பா அம்மாவிடமும் இருக்க வேண்டும். அதேபோல், கிரீன் கார்டு வைத்தவரோ குடிமகனோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால், அவர் உதவியே இல்லாமல் அவள் தானே மனு போட ஐ-360 என்று வழி இருக்கிறது. "நான் கையெழுத்துப் போடலைன்னா நீ ஊருக்குத்தான் போகணும்" என்ற மிரட்டலுக்கு எந்தப் பெண்ணும் பயந்து உட்காரக் கூடாது, அதற்காகத்தான் இதை இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

நடுவில் சுற்றுலா விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். என்னிடம் ஒரு கன்சல்டன்ட் பணம் கேட்டுக்கொண்டே சொன்னார். தங்குகிற எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா விசாவில் நுழைவது பொய் சொல்வது, கண்டுபிடித்தால் மொத்தக் கேஸும் போகும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் அந்த நாட்டு வழக்கறிஞர்களும் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும்தான்.

பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ், எளிதுதான். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி, சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மூன்றில் ஒன்றில் நேரம் எடுத்துப் போகலாம். முகவரி மாறியிருந்தால் போலீஸ் சரிபார்ப்பு வரும். 16 வயதுக்குப் பிறகு சிங்கப்பூர், துபாய் மாதிரி வேறு நாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும், அதற்கு முதலிலேயே எழுதிப் போடுங்கள்.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போனேன், ஆனால் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில். மெடிக்கலை நேர்காணலுக்கு முன்பே, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும்தான் எடுக்க வேண்டும். மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசிக் கணக்கு. பழைய தடுப்பூசிச் சீட்டு கையில் இருந்தால் ஊசி குறையும். மும்பை பாந்த்ரா குர்லாவில் இருக்கும் துணைத் தூதரகத்தில் என்னிடம் கேட்டதெல்லாம் எப்படிச் சம்பந்தம் வந்தது, அவர் என்ன வேலை, கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், அவர் கடைசியாக எப்போது வந்தார் என்பதுதான். எல்லாத் தாளையும் நானே சேர்த்ததால் எந்தக் கேள்விக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

காத்திருக்கும் காலத்தில் வேலையை விடாதீர்கள். "எப்படியும் போகப்போறவ, எதுக்கு வேலை" என்று என்னிடமும் சொன்னார்கள். நான் விடவில்லை, நடுவில் ஒரு பதவி உயர்வும் வந்தது. என் சம்பளத்தில்தான் மும்பை டிக்கெட் எடுத்தேன்.

விசா கிடைத்தபின் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு 235 டாலர் கட்டினால்தான் அட்டை வீட்டுக்கு வரும், விசா காலாவதிக்குள் உள்ளே நுழைய வேண்டும். நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தால் பத்தாண்டு அட்டை. முடியாவிட்டால் இரண்டாண்டு நிபந்தனை அட்டை, அது காலாவதி ஆவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்டு ஐ-751 போட வேண்டும். அதை இருவரும் சேர்ந்து போடுவது வழக்கம், மணமுறிவோ கொடுமையோ என்றால் மனைவி தனியாகவும் போடலாம்.

கிளம்புவதற்கு முன் வங்கி வேலை ஒன்று பாக்கி இருக்கும். அங்கே குடியேறியதும் உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அப்புறம் அப்பா, "இருக்கட்டும்" என்று அவருடைய ஃபிக்ஸட் டெபாசிட்டில் எல்லாம் உங்கள் பெயரையும் சேர்த்திருப்பார் இல்லையா, அந்தக் கூட்டுக் கணக்குகளும் உங்கள் கணக்கில்தான் சேரும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் எஃப்பார் என்ற அறிக்கையைக் கொடுக்க வேண்டும். வரி இல்லை, தகவல்தான், ஆனால் கொடுக்காவிட்டால் அபராதம் பெரியது. அப்பாவோடு ஒரு மாலை உட்கார்ந்து பாஸ்புக்குகளை எல்லாம் எடுத்து எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.